மதினியின் மலைகள்

அண்ணனுக்குக் கல்யாணமாகி மதினி எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்த மறுநாளே அந்தச் சத்தத்தைக் கேட்டேன். 'டப்' என்று ஒரு மூடி அழுந்தும் சத்தம். எட்டிப் பார்த்தால், சாமிப் படத்துக்குப் பக்கத்தில் கிடந்த காலி பிஸ்கட் டின்னுக்குள் தன் போனை வைத்து மூடிவிட்டு, ஒன்றும் நடக்காதவள்போல் அரிசி களையப் போய்க்கொண்டிருந்தாள். புதுப்பெண். நோர்வூட் பக்கத்திலிருந்து அவளுடைய அம்மா, தங்கச்சி, கூடப் படித்தவர்கள் எல்லாரும் கல்யாணப் படம் கேட்டு மெசேஜ் மேல் மெசேஜாகப் போட்டுக்கொண்டிருந்திருப்பார்கள். டின் உள்ளுக்குள் முனகிக்கொண்டே இருந்தது.

"போன் அடிக்குது மதினி," என்றேன்.

"அடிக்கட்டும் பாப்பா. வெளக்கு வச்ச பெறகு எடுக்கிறேன்," என்றாள்.

அப்போதே எனக்குப் பிடிக்கவில்லை. போன் அடித்தால் எடுக்காமல் இருக்கிற மனுஷி என்ன மனுஷி? ஒன்று திமிர், இல்லையென்றால் நடிப்பு. எப்படியும் ஒரு மாதத்தில் சாயம் வெளுத்துவிடும் என்று காத்திருந்தேன். அவள் எங்களோடு இருந்த காலம் முழுக்கக் காத்திருந்தேன். வெளுக்கவில்லை.

முகத்துக்கு நேரே "நீங்க மதினி, வாங்க மதினி" என்றாலும், மனசுக்குள் அவள் எனக்கு 'அவள்'தான். என்னைவிடச் சில மாதமே மூத்தவளை வேறெப்படி நினைப்பது? இதையும் அப்படியே எழுதுகிறேன். அண்ணன் படித்தால் கோபித்துக்கொள்வான். அவள் படித்தால் சிரிப்பாள். அதுதான் எனக்கு ஆகாது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். லயத்தில் என் பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். சின்ன வயதில், தண்ணீர் பிடிக்கிற பீலிப் பக்கத்தில் கல்லுகளை வரிசையாக உட்கார வைத்து, குச்சியை ஓங்கிப் பாடம் சொல்லிக் கொடுத்தேனாம். அன்றிலிருந்து நான் 'டீச்சர்'. உயர்தரப் பரீட்சை பாஸானதும் அந்தக் கேலி மரியாதையாகிவிட்டது. எங்கள் லயத்திலிருந்து அதுவரை யாரும் டீச்சரானதில்லை. முதலில் ஆகப்போவது நான்தான் என்று எல்லாரும் முடிவு செய்திருந்தார்கள். நானும் முடிவு செய்திருந்தேன். படிக்கத்தான் நேரம் கிடைக்கவில்லை.

எங்கிருந்து கிடைக்கும்? ஹட்டனில் ஒரு முஸ்லிம் நானாவின் போன் கடையில் வேலை. போனுக்குக் காசு ரீலோட் போடுவது, கண்ணாடி உடைந்த போனை வாங்கி வைப்பது, கவர் விற்பது. பகலெல்லாம் ஊரார் போன். பஸ் ஏறினால் என் போன். வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி ஆறும்வரை கொஞ்சம் பார்ப்போம் என்று எடுத்தால், தேத்தண்ணி ஆறி, சோறும் ஆறி, அம்மா திட்டி முடித்து, அவளும் ஆறியிருப்பாள்.

மதினி வந்த வருஷம்தான் தோட்டப் பாடசாலைகளுக்கு உதவி ஆசிரியர் எடுக்கப்போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. போட்டிப் பரீட்சை. எங்கள் பக்கத்துக்கு இடம் மிகக் கொஞ்சம். நான் விண்ணப்பம் போட்டேன். அடுத்த நாள் அவளும் போட்டாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணா படிங்க. ஒரு வெளக்குதானே எரியும்," என்று அம்மா சொன்னாள். நான் சரி என்றேன். அடிவயிற்றில் ஏதோ ஒன்று பற்றிக்கொண்டது. எனக்கென்று எல்லாரும் எடுத்துவைத்திருந்த இடத்தில் நேற்று வந்தவள் துணி போட்டுச் சீட்டுப் பிடிக்கிறாள் என்று தோன்றியது.

அவள் படித்த விதம் இருக்கிறதே, அதைப் பார்த்தே எனக்குப் பாதி உடம்பு கெட்டது. உயர்தரம் எழுதிவிட்டு முடிவு வரும்வரை தன் அம்மாவோடு கொழுந்து பறிக்கப் போனவள் அவள். அதைச் சொல்லக் கூச்சப்பட மாட்டாள். அங்கே படித்ததைத்தான் இங்கே கொப்பியில் செய்தாள். பாடத்தையெல்லாம் ஏழாகப் பிரித்தாள். கொழுந்து பறிக்கிற பகுதிகளுக்குச் சொல்கிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் 'மலை' என்று பெயர். ஒன்றாம் நம்பர் மலை பொது அறிவு, இரண்டாம் நம்பர் மலை நுண்ணறிவு, இப்படி. திங்கட்கிழமை எடுத்த கொப்பியைச் செவ்வாய்க்கிழமை தொடவே மாட்டாள். அடுத்த திங்கள்தான்.

"நடுவுல ஒருக்கா பாத்தா என்ன மதினி, கொப்பி கோவிச்சுக்குமா?" என்று கேட்டேன்.

"ஒரு மலைய ஏழு நாளைக்கு ஒருக்கா தானே சுத்தி வராங்க? முன்னாடியே போனா கைக்கு ஒண்ணும் வராது. பிந்திப் போனா முத்திப் போயிரும். படிப்பும் அப்பிடித்தான் பாப்பா. நாளைக்கே திருப்பிப் பாத்தா எல்லாந் தெரிஞ்ச மாதிரி இருக்கும். ஒரு மாசம் விட்டுட்டா ஒண்ணுமே தெரியாது."

பக்கம் பக்கமாகவும் எழுத மாட்டாள். ஒரு பாடத்துக்கு இரண்டு வரி, கீழே ஒரு சொல். கேட்டால், "ரெண்டு எலையும் ஒரு மொட்டும்" என்பாள். அவ்வளவுதான் பறிக்க வேண்டுமாம். நான் புத்தகத்தை அப்படியே கொப்பிக்கு மாற்றி எழுதுகிற ஜாதி. ஒரு நாள் அம்மா இரண்டு கொப்பிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் கொழுந்து பார்க்கத் தெரியும்.

"ஒன்னுத நெறுவைக்குக் கொண்டுபோனா கொழுந்து நிறுக்குற கண்டாக்கு கூடையோட கவுத்துருவாரு," என்றாள் என்னிடம். "எல்லாம் முத்தல்."

மாமியார் மெச்சிய மருமகள் இல்லை என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பழமொழியும் பொய்த்துப் போனது. பீலியில் தண்ணீர் பிடிக்க நின்றால் அம்மாவுக்கு அவள் பேச்சு. கோயிலுக்குப் போனால் அவள் பேச்சு. "எம் மருமக போனத் தொடுறதே இல்ல" என்று, ஏதோ மருமகள் மாமிசம் சாப்பிடுவதில்லை என்கிற மாதிரிப் பெருமையாகச் சொல்வாள். சொல்லும்போது ஓரக்கண்ணால் என் கையைப் பார்ப்பாள். என் கையில் போன் இருக்கும்.

பரீட்சைக்குச் சில மாதங்கள் இருக்கும்போது அவள் போனுக்குக் கவ்வாத்து வெட்டினாள். தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளுவார்களே, அதற்குத்தான் கவ்வாத்து என்று பெயர். வெட்டிய மலையைப் பார்த்தால் குச்சி குச்சியாக, செத்த மலைபோல இருக்கும். அவள் முன்வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து, வீடியோ பார்க்கிறது, விளையாட்டு, கூடப் படித்தவர்கள் குரூப், சமையல் குரூப், கல்யாணத்துக்கு வந்தவர்கள் குரூப் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அழித்தாள். வேலை முடிந்து வந்த அண்ணன் போனை வாங்கிப் பார்த்தான்.

"என்னம்மா, இது போனா, கால்குலேட்டரா?"

"தழைக்கிறப்ப தழைக்கட்டும்," என்றாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. எனக்கென்ன ரோஷம் இல்லையா? ஹட்டனில் ஐந்து நிறத்தில் பேனா வாங்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து அட்டவணை போட்டேன். காலை இது, மாலை அது, இடையில் ஓய்வு, ஓய்வுக்கு இளம்பச்சை. அவள் தன் வாழ்நாளில் அப்படி ஒரு அட்டவணை போட்டிருக்க மாட்டாள். சுவரில் ஒட்டினேன். ஒட்டியதும் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போட்டேன். "சூப்பர் டீச்சர்", "வாழ்த்துக்கள் டீச்சர்" என்று வந்துகொண்டே இருந்தது. அத்தனை பேருக்கும் நன்றி போட்டு முடிப்பதற்குள் முதல் நாள் பாடத்துக்கான நேரம் போயே போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒரு நாள் நானும் என் போனைக் கொண்டுபோய் அந்த டின்னுக்குள், அவள் போனுக்குப் பக்கத்தில் வைத்தேன். மூடியை அழுத்தினேன். எனக்கும் அந்த 'டப்' வந்தது. பெருமையாக இருந்தது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் டின் முனகியது.

"அது ஒன்னுது பாப்பா," என்றாள், தலையைத் தூக்காமலே.

"தெரியும்," என்றேன்.

மறுபடி முனகியது. யாராக இருக்கும்? என்னவாக இருக்கும்? நான் வரி வரியாகப் படித்தேன், ஒரு வரியும் உள்ளே போகவில்லை. மூன்றாம் தடவை எழுந்துவிட்டேன்.

"கடையில நானா கூப்புடுறாரோ என்னமோ."

அந்த நேரத்தில் நானா தொழுகைக்குப் போயிருப்பார் என்று ஹட்டனில் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். கொப்பியில் பக்கத்தைத் திருப்பினாள், அவ்வளவுதான். ஏதாவது சொல்லித் தொலைத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். எனக்கு மிச்சம் வைத்தது அந்தப் பக்கம் திரும்புகிற சத்தத்தை மட்டும்தான். இரண்டு நாள் அது காதிலேயே இருந்தது.

பரீட்சை நெருங்கியபோது எனக்கு ஒரு நல்ல நாள் வந்தது. கடையில் இருக்கும்போது, பரீட்சை எழுதுகிறவர்கள் குரூப்பில் ஒரு அறிவித்தல்: எங்கள் பரீட்சை நிலையத்தை வேறு பாடசாலைக்கு மாற்றிவிட்டார்கள். வாசித்ததும் எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? அவளுக்குத் தெரியாது. அந்தக் குரூப்பையும்தானே வெட்டி எறிந்தாள். அவளுடைய பிஸ்கட் டின்னால் அவள் தவறான பாடசாலை வாசலில் போய் நின்றிருப்பாள். இன்றைக்கு நான் போய்ச் சொல்வேன். அவள் முகம் வெளிறும். "அய்யோ பாப்பா, நீ இல்லன்னா என்ன ஆயிருக்கும்" என்பாள். பஸ் முழுக்க அந்த முகத்தைக் கற்பனை பண்ணிக்கொண்டே வந்தேன். அத்தனை வளைவிலும் எனக்குத் தலை சுற்றவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் சொன்னேன். அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

"அப்பிடியா? சரி, அங்கயே போவோம்," என்றாள்.

"இத நான் பாக்காம இருந்திருந்தா என்ன பண்ணிருப்பீங்க?"

"நீ பாக்காம இருப்பியா?" என்றாள். கேலியாக இல்லை, நிஜமாகத்தான் கேட்டாள். "வீட்டுல ஒருத்தர் பாத்தா போதாதா பாப்பா? அந்தத் தைரியத்துலதான் நான் எல்லாத்தையும் வெட்டிவிட்டேன்."

கேட்டீர்களா? என் கெட்ட பழக்கத்தையும் அவள் கணக்கில் எடுத்து வைத்திருந்தாள். நான் போனும் கையுமாக இருப்பதால்தான் அவள் போன் டின்னுக்குள் இருந்தது. அம்மா அதைக் கேட்டு, "பாத்தியா, எவ்வளவு புத்தி" என்றாள். நான் முகம் கழுவப் போய்விட்டேன்.

முடிவு வந்தது. அவள் பாஸ். எனக்குக் கொஞ்சத்தில் தவறிவிட்டது. கொஞ்சத்தில் தவறுவது நிறையத் தவறுவதைவிடக் கொடுமை என்று அன்றுதான் தெரிந்தது. லயத்துச் சனமெல்லாம் வந்தது. அம்மா பாயாசம் காய்ச்சினாள். நானும் குடித்தேன். நல்ல பாயாசம், அதையும் சொல்ல வேண்டும். தொண்டையில்தான் இறங்கவில்லை.

அடுத்த தடவையும் ஆள் எடுப்பார்கள் என்ற பேச்சு அப்போதே இருந்தது. எனக்கு அந்தக் கொப்பிகள் வேண்டும். அந்த ஏழு மலையும், அந்த இரண்டிரண்டு வரியும் கையில் இருந்தால் போதும் என்று தோன்றியது. அவள் ஏழு கொப்பியையும் நூலால் கட்டி இஸ்தோப்புத் திண்டில் வைத்திருந்தாள். எனக்காகத்தான் வைத்திருக்கிறாள், இன்றைக்குத் தருவாள், நாளைக்குத் தருவாள் என்று தாண்டித் தாண்டிப் போனேன். கேட்க மட்டும் மாட்டேன். அவளிடம் போய் நின்று கேட்பதைவிட இன்னொரு தடவை ஃபெயிலாகலாம்.

ஒரு ஞாயிறு காலை, வீட்டுக்குப் பின்னால் கோடிப் பக்கத்தில் புகை. குளிக்கத் தண்ணீர் சுட வைத்துக்கொண்டிருந்தாள். கவ்வாத்து முடிந்த மலையிலிருந்து அம்மா கட்டிக்கொண்டு வந்த மிலாறு விறகு அடுப்பில் ஈரமாகப் புகைந்தது. அது பற்றிக்கொள்ள அவள் ஏதோ தாளைக் கிழித்துக் கிழித்துச் செருகினாள். கிட்டே போய்ப் பார்த்தேன். கொப்பி. கடைசிக் கொப்பி. மற்ற ஆறும் சாம்பல்.

"என்ன மதினி இது?"

"கவ்வாத்து வெட்டினா மிலாறு அடுப்புக்குத்தானே," என்றாள்.

"எனக்குத் தந்திருக்கலாம்ல?"

"நீ கேக்கலியே பாப்பா."

என் குரல் எனக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு ஏறிவிட்டது. "கேட்டாத்தான் தருவீங்களா? எனக்கு வேணும்னு தெரியாதா ஒங்களுக்கு? அவ்வளவு யோசிச்சு யோசிச்சுச் செய்யிற ஆளுக்கு இது மட்டும் தெரியலையா?"

"தெரியும்," என்றாள்.

குச்சியால் அடுப்பைக் கிளறினாள். முதல் தடவையாக அவள் கை நிதானமில்லாமல் கிளறுவதைப் பார்த்தேன். தீப்பொறி சேலையில் பட்டது, தட்டிவிடக்கூட இல்லை.

"கட்டி ஒன் கண்ணுக்கு முன்னாலதான் வச்சேன். நீ தாண்டித் தாண்டிப் போன. கேப்ப, கேப்பன்னு பாத்தேன். நான் பாஸான அன்னைக்கு அந்தக் கடைசி வீட்டு அக்கா என்ன சொன்னாங்க தெரியுமா? 'டீச்சர் வீட்டு மருமக பாஸாயிட்டாளாமே'ன்னாங்க. டீச்சர் வீட்டு மருமக. பரீட்ச எழுதினது நான், பாஸானது நான். அப்பவும் டீச்சர் நீதான். நீ ஒண்ணுமே செய்ய வேணாம், சும்மா போனப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தாலும் நீ டீச்சர். நான் என்ன செஞ்சாலும் மருமக. ஒருக்காவாச்சும் நீ எங்கிட்ட வந்து கேக்கணும்னு இருந்துச்சு. கேக்கல. இன்னைக்குக் காலையில ஆத்திரமா வந்துச்சு, கிழிச்சுப் போட்டுட்டேன்."

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். புகையென்று சொல்லிக்கொள்ளலாம். புகை அந்தப் பக்கம் போகவில்லை.

எனக்கு என்ன ஆகியிருக்க வேண்டும்? கோபம் தலைக்கேறியிருக்க வேண்டும். என் அடுத்த பரீட்சை கண் முன்னால் எரிகிறது. ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு வயிறு குளிர்ந்தது. அவள் வந்த நாளிலிருந்து எரிந்துகொண்டிருந்த வயிறு. லயமே என்னைக் கூப்பிடுகிற பெயரைச் சொல்லாமல் அவள் மட்டும் ஏன் 'பாப்பா, பாப்பா' என்று கூப்பிட்டாள் என்பது அப்போதுதான் விளங்கியது. டின்னுக்குள் போனை வைத்து மூடத் தெரிந்தவளுக்கு இதை மூடி வைக்கத் தெரியவில்லை. அடேயப்பா, இவளும் நம்ம ஆள்தான் என்று இருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு அவளைப் பிடித்தது.

பக்கத்தில் குந்தினேன்.

"சரி, இப்ப கேக்குறேன். சொல்லிக் குடுங்க மதினி."

"அதான் கொப்பி இல்லியே."

"கொப்பிதான் இல்ல. ஏழு மலையும் ஒங்க மண்டையிலதானே இருக்கு. வருஷம் பூரா சுத்தி வந்தீங்களே."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். போனைக் கொடுத்தேன். கொண்டுபோய் டின்னில் போட்டு மூடினாள். அவள் போன் வெளியே, என் போன் உள்ளே. குரூப்பை இனி அவள் பார்ப்பாளாம்.

அந்தச் சில மாதங்கள் எப்படிப் போயின என்று விரிக்க மாட்டேன். அவள் நல்ல வாத்தியாரம்மா, அவ்வளவு பொறுமை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. முத்தலைக் கண்டால் ஒன்றும் சொல்லாமல் என் கொப்பியில் கோடு போட்டுக்கொண்டே போவாள். ஏழாம் நாள் கேள்வி கேட்பாள். தெரியவில்லை என்றால் பக்கத்தைத் திருப்புவாள், அதே சத்தம். பிறகு வட்டவளைப் பக்கத்துப் பாடசாலையில் அவளுக்கு நியமனம் கிடைத்து, அண்ணனும் அவளும் அங்கே போனார்கள். அதற்குப் பிறகும் வாரா வாரம் போன் பண்ணிக் கேள்வி கேட்டாள். அடுத்த பரீட்சையில் பாஸாகி நானும் டீச்சரானேன். அம்மா மறுபடி பாயாசம் காய்ச்சினாள். இந்தத் தடவை இறங்கியது.

போன தீபாவளிக்கு முதல் வாரம் ஹட்டனில் அவளைப் பார்த்தேன். துணி எடுக்க வந்திருந்தாள். பஸ் நிலையத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பிள்ளையின் குரல் "டீச்சர்" என்றது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினோம். திரும்பிவிட்டு ஒருவரையொருவர் பார்த்தோம். யாருடைய வகுப்புப் பிள்ளை? அந்த ஒரு நொடி எங்கள் இருவருக்கும் எப்படி இருந்தது என்பது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

பிள்ளை ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டது. அவளுடைய வகுப்பாம். இரட்டைப் பின்னல், புது வளையல். அவளையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எனக்குப் பழைய இடத்தில் பழையபடி பற்றிக்கொண்டது. அவள் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று பஸ் போர்டுகளைப் படித்துக்கொண்டு நின்றேன்.

"இவங்களுக்கும் வணக்கம் சொல்லு," என்று அவள் பிள்ளையிடம் சொல்வது கேட்டது. "இவங்களும் டீச்சர்தான். எனக்கு முன்னாடியே டீச்சர்."

பிள்ளை என் பக்கம் திரும்பிக் கை கூப்பியது. அவள் சிரித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெயரை அவள் வாயால் கேட்க இத்தனை வருஷம் காத்திருந்தேன். நானும் அவளை ஒரு தடவையாவது டீச்சர் என்று கூப்பிட வேண்டும் என்று எண்ணியிருந்தேன். நல்ல நேரம் பார்த்துச் செய்யலாம் என்று வைத்திருந்தேன். அதையும் அவளே முந்திக்கொண்டு செய்துவிட்டாள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?